மருமகள் கை வைக்காத பக்கம்

இப்போதெல்லாம் ஒரு ஆளிடம் ஒரு விஷயம் கேட்டால், அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் போனைத் திறக்கிறான். மழை வருமா என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பதில்லை, போனைப் பார்க்கிறான். இந்த பஸ் எங்கே போகும் என்று தெரிய வேண்டுமா? கண்டக்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறார். அவரைக் கேட்க மாட்டான். இன்னும் கொஞ்ச நாள் போனால், உன் அப்பன் யாரடா என்று கேட்டாலும் அதைத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

தல்லாகுளம் போகும் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு கருத்தக்கண்ணன் இப்படித்தான் பொருமிக்கொண்டு வந்தார். எழுபது தாண்டிய மனுஷன் நிற்கிறார். முன்சீட்டில் இருந்த இளவட்டம் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

அவருடைய கோபம் அந்த இளவட்டத்தின் மேல் மட்டும் இல்லை. அவருடைய அப்பன் பெயரையே இப்போது போனில் காட்டினால்தான் நம்புவோம் என்கிறார்கள்.

ஆலங்கரட்டுப்பட்டிக் கண்மாய் உடையப் போன பெருமழை வருஷத்தில், பொங்கிக் கிடந்த தண்ணீருக்குள் முங்கி மடையைத் திறந்துவிட்டு, மேலே வராமலே போனவர் உக்கிரபாண்டி. அது ஊருக்குத் தெரியும். இப்போது அந்த மடையைப் புதுசாகக் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கல் நடப்போகிறார்கள். புதன்கிழமை கல்லில் எழுத்துக் கொத்தப் போகிறார்கள். கல்லில் எங்கப்பன் பேரைப் போடுங்கள் என்று கேட்டதற்கு, வேலை பார்க்க வந்த இன்ஜினியர் சொன்ன பதில் இதுதான்: "வாய்வார்த்தையா எழுத முடியாது பெரியவரே. எங்கயாச்சும் எழுதியிருந்தா காட்டுங்க. நெட்டுல இருந்தாக்கூடப் போதும்."

கருத்தக்கண்ணனின் அக்கா மகன் அழகுபாண்டி செக்கானூரணியில் செல்போன் கடை வைத்திருக்கிறான். இணையத்தில் கலைக்களஞ்சியம் என்று ஒன்று இருக்கிறது, அதில் நம் ஊருக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் மாமா என்றான். எழுதினான். 'உக்கிரபாண்டி மடையைத் திறந்து ஊரைக் காப்பாற்றினார்' என்று ஒரே ஒரு வரி. மறுநாள் அது இல்லை. திரும்ப எழுதினான். திரும்பவும் இல்லை.

ஒரு தகராறு என்று வந்தால் கருத்தக்கண்ணனுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். ஆளைக் கூட்டு.

"ஒத்த ஆளு சொன்னாத்தானடா அழிக்கிறான்? ஊரே சொன்னா என்ன செய்வான்?" என்றார்.

ஊர் இளவட்டங்கள் அத்தனை பேரும் கடை முன்னால் திரண்டு, ஒருவர் பின் ஒருவராக அதே வரியை எழுதினார்கள். சாயங்காலத்துக்குள் யாரும் எழுத முடியாதபடி அந்தப் பக்கத்தையே பூட்டிவிட்டார்கள். உள்ளே போய்த் துழாவிய அழகுபாண்டிதான் முந்தாநாள் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தான். முதன்முதலில் அந்த வரியைச் சுட்டிக்காட்டியது வேறு யாரும் இல்லை. மாமாவின் சொந்த மருமகள், பாண்டீஸ்வரி.

அதைக் கேட்டதிலிருந்து கருத்தக்கண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை.

மகன் செல்வக்குமார் கோர்ட்டுப் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். வீடு தல்லாகுளத்தில் ஒரு மாடியில். ஞாயிற்றுக்கிழமை என்பதால் இருவரும் வீட்டில்தான் இருந்தார்கள். படியேறி வந்த மாமனாரைப் பார்த்ததும் பாண்டீஸ்வரி அவசரமாக எழுந்தாள்.

"வாங்க மாமா. என்ன, சொல்லாமக் கொள்ளாம?"

"சொல்லிட்டு வந்தா வீட்டைப் பூட்டிட்டுப் போயிருவீக."

"உக்காருங்கப்பா," என்று செல்வக்குமார் நாற்காலியை இழுத்தான்.

"காபி போடவா மாமா?"

"ஒண்ணும் வேணாம். தண்ணியும் வேணாம்."

அந்த வீட்டில் அவர் தண்ணீரை மறுத்தது இதுதான் முதல் தடவை. பாண்டீஸ்வரி அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்கப்பன் பேரை அழிச்சது நீதானா?"

"நான் அழிக்கல மாமா."

"அழகுபாண்டி காட்டுனான். உன் பேரு அங்க கிடக்கு."

"கிடக்கும். அழிச்ச இடத்துல கிடக்காது. சொன்ன இடத்துல கிடக்கும்."

"என்னத்தச் சொன்ன?"

"இது எங்க வீட்டுக்காரரோட தாத்தா பத்துன வரி. நான் இதுல கை வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டேன். இதுக்குச் சான்று இருக்கான்னு வேற யாராவது பாருங்கன்னு சொன்னேன். பார்த்தவங்க சான்று இல்லைன்னு எடுத்துட்டாங்க."

கருத்தக்கண்ணன் மகனைப் பார்த்தார். "கேட்டியாடா? திருடனுக்குக் கதவைத் தொறந்து விட்டுட்டு, நான் ஒண்ணும் எடுக்கலைங்குறா."

"அதைத்தான்ப்பா ரெண்டு நாளா நானும் கேக்குறேன். பேசாம இருந்திருந்தா எவனுக்குத் தெரியும்?" என்றான் செல்வக்குமார்.

"எனக்குத் தெரியுமே," என்றாள் பாண்டீஸ்வரி.

அந்த நேரம் பார்த்து கருத்தக்கண்ணனின் மடியில் போன் அலறியது. பொத்தான் போன். எதிரே இருப்பவர் பேசுவது தெருவுக்கே கேட்கும்.

"மாமா, அழகுபாண்டி பேசுறேன். போயிட்டீங்களா? இங்க இன்னும் ஆளு ரெடி. உசிலம்பட்டிச் சம்பந்தக்காரங்களையும் சொல்லி வச்சிருக்கேன். ஒரு வேன் வச்சுக் கூட்டியாந்துரவா?"

"வேன் எதுக்குண்ணே? அவுகவுக வீட்டுல இருந்தே எழுதலாமே," என்றாள் பாண்டீஸ்வரி, சிரிப்பை அடக்க முடியாமல்.

"யாரு, தங்கச்சியா? வச்சிர்றேன் மாமா." போன் செத்தது.

கருத்தக்கண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஊரே வந்து சொல்லியும் பூட்டிட்டாங்கன்னா என்ன அர்த்தம்? நம்ம ஊருக்கு அம்புட்டுத்தான் மதிப்பா?"

"மாமா, ஒரே நாளு. ஒரே ஊரு. ஒரே வரி, எழுத்து மாறாம. அங்க இருக்கிறவங்க அம்புட்டுப் பேரையும் ஒரே ஆளுன்னு நினைச்சுட்டாங்க. ஒருத்தரே வேஷம் மாத்தி மாத்தி வாராருன்னு."

"நம்ம ஆளுக அத்தனை பேரையும் ஒரு ஆளுன்னானா?" இது அவரால் தாங்க முடியாத அவமானமாக இருந்தது. அவர் கண்ட பஞ்சாயத்தில் எல்லாம், பின்னால் நிற்கும் தலைகளைப் பார்த்துத்தான் எதிராளி குரல் தணிந்திருக்கிறது.

"அங்க தலையை எண்ண மாட்டாங்க மாமா. என்ன கொண்டாந்திருக்கன்னுதான் கேப்பாங்க."

"சரி. களஞ்சியம்ங்குறீக. களஞ்சியம்னா பூட்டு இருக்கும். சாவி யாருகிட்ட இருக்கு?"

பாண்டீஸ்வரி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"எழுதுறதுக்குச் சாவி வேணாம் மாமா. பூட்டுறதுக்கும் தொறக்குறதுக்கும் கொஞ்சம் பேருக்கு உரிமை குடுத்திருக்காங்க. நாலு வருஷமா எனக்கும் இருக்கு."

நாற்காலி கிறீச்சிட்டது.

"உன்கிட்டயே இருக்கா?"

"இருக்கு."

"அப்பத் தொற."

"மாட்டேன் மாமா."

"ஒரு அமுக்கு அமுக்குனா முடிஞ்சு போச்சுல்ல?"

"முடிஞ்சுதான் போகும். அதுக்காகத்தான் மாட்டேங்குறேன்."

கருத்தக்கண்ணன் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் பரவாயில்லை என்று செல்வக்குமாருக்குத் தோன்றியது.

"இந்தா பாரு தாயி. எங்கப்பனுக்குப் போட்டோ கிடையாது. அந்த மழை வருஷத்துல நான் எங்காத்தா வயித்துல கிடந்தேன். எங்கப்பன் கருப்பா செவப்பான்னு எனக்குத் தெரியாது. 'மடையைத் தொறந்து ஊரைக் காப்பாத்துனாரு'ங்குற அந்த ஒத்த வரிதான் எனக்கு அப்பன். அந்த வரி இல்லாம அங்க வெறுங்கல்லு நட்டாங்கன்னா, நடுற அன்னைக்கு நீ என் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. அதுக்குப் பிறகும் மிதிக்கக் கூடாது."

"அப்பா!" என்றான் செல்வக்குமார்.

"நீ வேணா வா. அவ வரக் கூடாது."

பாண்டீஸ்வரியின் கண் நிறைந்தது. ஆனால் அவள் உள்ளே போய்விடவில்லை. மேசைமேல் இருந்த கணினியைத் திறந்தாள். எதையோ தேடி எடுத்து, புருஷன் பக்கம் திருப்பினாள்.

"இதை மாமாவுக்கு வாசிச்சுக் காட்டுங்க. இது நான் என்னைப் பத்தி அங்க எழுதி வச்சிருக்கிறது. அதுக்கப்புறம் அவரு என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

செல்வக்குமார் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகியும் அவனே இதை இதுவரை பார்த்ததில்லை.

"'நான் மதுரைக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். எனக்கும் சாய்வுகள் உண்டு. என் சாதியைப் பற்றிய பக்கத்திலும், என் அம்மா கும்பிடும் கோயிலைப் பற்றிய பக்கத்திலும், நான் படித்த கல்லூரியின் பக்கத்திலும் நான் எழுதுவதில்லை. திருமணத்திற்குப் பின் ஆலங்கரட்டுப்பட்டியும் இந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. இந்தப் பக்கங்களில் என் கை பட்டிருந்தால் தயவுசெய்து என்னை நம்ப வேண்டாம். கேள்வி கேளுங்கள்.'"

அவன் நிறுத்தினான். தெருவில் ஒரு ஆட்டோ போய்த் தேய்ந்தது.

"திரும்ப வாசி," என்றார் கருத்தக்கண்ணன்.

"எதைப்பா?"

"கடைசியை."

"'என்னை நம்ப வேண்டாம். கேள்வி கேளுங்கள்.'"

அவர் மெல்ல உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் தன்னை நம்பு என்று சொன்னவர்களைத்தான் அவர் பார்த்திருக்கிறார். ஓட்டுக் கேட்க வந்தவன், மாடு விற்க வந்தவன், விதை கொடுத்தவன், எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். அவர் ஒருத்தனையும் நம்பியதில்லை. இன்னின்ன இடத்தில் என்னை நம்பாதே என்று தானே எழுதி உலகம் பார்க்கத் தொங்கவிட்டிருப்பவளை இப்போதுதான் பார்க்கிறார். இதில் எங்கே சூது இருக்கிறது என்று தேடினார். உடனே அகப்படவில்லை.

"இப்படி எழுதச் சொல்லி உன்னை யாரு கட்டாயப்படுத்துனா?"

"யாருமில்ல மாமா. எங்க லேப்ல பழகுனதுதான். அங்க ரத்தம் வர்றப்ப குழாய்ல நம்பருதான் ஒட்டியிருக்கும். யாரு, எவருன்னு எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் மெஷின் காட்டுறதை அப்படியே எழுத முடியுது. ஒருநா எங்கம்மாவைக் கூட்டிட்டுப் போய் நானே ரத்தம் எடுத்தேன். குழாயைக் கையில வச்சுக்கிட்டு, சர்க்கரை கூடிறக் கூடாது, கூடிறக் கூடாதுன்னு வேண்டிக்கிட்டு நிக்கிறேன். அப்பத்தான் தோணுச்சு, இப்படி வேண்டிக்கிட்டு நிக்கிறவ இதைப் பார்க்கக் கூடாதுன்னு. பக்கத்துல இருந்த பிள்ளைகிட்டக் குடுத்துட்டு வெளிய போயிட்டேன்."

"எங்கப்பன் உனக்குக் குழாயில அடைச்ச ரத்தமா?"

"உங்க மகனுக்கு அவரு சொந்த ரத்தம்தானே மாமா. அதான் தள்ளி நிக்கிறேன்."

அவர் வழக்கம்போல வேறு பக்கம் திரும்பி மகனை அதட்டினார். "நீ என்னடா அதையே நோண்டிக்கிட்டு இருக்க?"

செல்வக்குமார் ஊர்ப் பக்கத்தில் யார் யார் என்னென்ன மாற்றினார்கள் என்று வரிசையாகக் கிடந்ததைக் கீழே இறக்கிக்கொண்டே போயிருந்தான். ஆறு வருஷத்துக்கு முந்திய ஓரிடத்தில் அவன் விரல் நின்றிருந்தது.

"பாண்டீசு, இது என்ன?"

அவள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறியது. "அதை விடுங்க. அது பழசு."

"என்னடா அது? வாசி."

"வேணாம்ப்பா."

"வாசிடா!"

செல்வக்குமார் மெல்ல வாசித்தான். "'உக்கிரபாண்டி என்பவர் தன் வயலுக்குத் தண்ணீர் திருடப் போய், மடையில் சிக்கி இறந்தார்.'"

கருத்தக்கண்ணனின் கை தானாகத் தோள்துண்டைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பேச்சு அவருக்குப் புதிது இல்லை. வாலிப வயசில் ஒரு டீக்கடைச் சண்டையில் ஒருவன் இதை அவர் மூஞ்சிக்கு நேரே சொன்னான். பல் போனது அவனுக்கு. அதோடு செத்துப்போன பேச்சு என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தார்.

"எவன் எழுதுனது?"

"பேரில்ல மாமா. பேரில்லாமலும் எழுதலாம்."

"எம்புட்டு நாளு இருந்துச்சு? எத்தனை பேரு பார்த்தான்?"

"ஒருநா கூட இல்லப்பா," என்றான் செல்வக்குமார். அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. "எழுதின அன்னைக்கே எடுத்துட்டாங்க. எடுத்தது..." அவன் மனைவியைப் பார்த்தான். "இவதான்."

கருத்தக்கண்ணன் திரும்பி மருமகளைப் பார்த்தார்.

"அப்ப எனக்குக் கல்யாணமே ஆகல மாமா," என்றாள் பாண்டீஸ்வரி. "ஆலங்கரட்டுப்பட்டி எந்தத் திக்குன்னு தெரியாது. உங்களையெல்லாம் யாருன்னே தெரியாது. புதுசா யாரு என்ன எழுதுறாங்கன்னு பார்த்துக்கிட்டு வர்றப்ப கண்ணுல பட்டுச்சு. செத்துப்போன ஒருத்தரைப் பத்தி எழுதியிருக்கு, சான்று இல்ல. எடுத்துட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம்தான் இது நம்ம வீடுன்னு தெரிஞ்சுச்சு. சொல்லிக்காட்டுற மாதிரி ஆயிரும்னு சொல்லல."

"என்ன சொல்லி எடுத்த?"

அவள் திரையில் காட்டினாள். கருத்தக்கண்ணன் மூன்றாம் வகுப்போடு நின்றவர். எழுத்துக் கூட்டி வாசித்தார். "சா... சான்... று. சான்று. இ... ல்லை."

"இப்ப அழகுபாண்டி எழுதுனதை எடுத்தானே, அவன் என்ன சொல்லி எடுத்தான்?"

அவள் மேலே ஏற்றிக் காட்டினாள். அதே இரண்டு வார்த்தை.

"ரெண்டுக்கும் ஒரே வார்த்தையா?"

"ஒரே வார்த்தைதான் மாமா. நல்லதுக்கு ஒண்ணு, கெட்டதுக்கு ஒண்ணுன்னு வச்சிருந்தா அன்னைக்கு அதை எடுத்திருக்க முடியாது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு பெண், எங்கோ ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டு, யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல், அவர் அப்பன் மேல் விழுந்த அழுக்கைத் துடைத்துப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போயிருக்கிறாள். அன்றைக்கு அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? வெண்டைக்காய்க்கு மருந்து அடித்துக்கொண்டிருந்திருப்பார். மேலெல்லாம் லேசாகச் சிலிர்த்தது. கோயில் கர்ப்பக்கிருகத்தில் திரை விலகும்போது வருமே, அது மாதிரி. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"நல்லா இருக்குடி ஆத்தா உன் நியாயம். அன்னியமா இருந்தப்பக் காப்பாத்துன. சொந்தமானதும் கைவிட்டுட்ட."

"ஆமா மாமா," என்றாள் அவள். மறுக்கவில்லை.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை.

"இவளை மாதிரி எத்தனை பேருடா இதுல இருக்காங்க?" என்று மகனைக் கேட்டார்.

"உலகம் பூரா இருக்காங்கப்பா. சம்பளமும் கிடையாது."

"நம்ம ஊரு பக்கத்தை இப்பப் பார்த்துக்கிறவன் யாரு?"

"மட்டக்களப்புல ஒருத்தரு மாமா. கல்லடின்னு புனைபேரு வச்சிருக்காரு. நான் பார்த்ததே இல்ல. வாத்தியாரா இருந்து ஓய்வானவருன்னு எழுதியிருக்காரு."

"கடலுக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கிறவனுக்கு ஆலங்கரட்டுப்பட்டி மடையைப் பத்தி என்ன வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. அதனாலதான் அவரு பார்க்குறாரு," என்ற பாண்டீஸ்வரி, சற்றுத் தயங்கி, "மாமா, ஒண்ணு செய்யலாம். பூட்டுனது ஊர்ப் பக்கத்தைத்தான். அதுக்குப் பின்னால ஒரு பேச்சுப் பக்கம் இருக்கு. அதுல யாரு வேணா பேசலாம். கூட்டமா வேணாம். நீங்க ஒருத்தரு உங்க பேரைச் சொல்லிப் பேசுங்க. நான் அடிச்சுப் போடுறேன். எழுதுறது மருமகள்னு மேல போட்டுருவேன்," என்றாள்.

"பேசுனா அந்த வரி வந்துருமா?"

"அதை நான் சொல்ல முடியாது."

கருத்தக்கண்ணன் நாற்காலியில் நிமிர்ந்தார். பிறகு, பஞ்சாயத்தில் பேசப் போகிறவர்போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"எழுது. நான், உக்கிரபாண்டி மகன் கருத்தக்கண்ணன். எங்கப்பன் பெருமழை வருஷத்துல மடையைத் தொறக்கத் தண்ணிக்குள்ள முங்குனாரு. தொறந்தாரு. கண்மா உடையல. ஊரு பிழைச்சுச்சு. எங்கப்பன் மேல வரல."

விசைப்பலகை படபடத்தது.

"நீங்க பார்த்தீங்களா மாமா? அவரு கேப்பாரு."

"அதான் சொன்னேன்ல, நான் வயித்துல கிடந்தேன்னு. பார்க்கல. எங்காத்தா சொல்லுச்சு."

படபடவென்று அதுவும் ஏறியது.

"ஏய், அதை ஏன் போடுற?"

"நீங்கதானே சொன்னீங்க."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டார். "சரி, கிடக்கட்டும். எங்காத்தா பொய் சொல்லாது. நாளும் கிழமையும் வந்தாச் சொல்லும். இடுப்புல கயிறு கட்டித்தான் இறங்குனாரு. கயித்தைச் சோணை பிடிச்சிருந்தாரு. கயிறு தொவண்டதும் சோணையும் உள்ள குதிச்சு..."

நிறுத்தினார்.

சோணை கிழக்குத் தெருக்காரர். அவர் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. மடையைத் திறந்தது எங்கள் சோணைதான் என்று கிழக்குத் தெருவில் இன்றைக்கும் சொல்வார்கள். அதனாலேயே மேற்குத் தெருவில் அந்தக் கதையைச் சொல்லும்போது அந்தப் பெயர் வராது. கருத்தக்கண்ணன் வாயிலும் இத்தனை காலம் வந்ததில்லை.

பாண்டீஸ்வரியின் விரல்களும் நின்றன. ஆனால் திரையில் அது ஏறிவிட்டிருந்தது.

"அதை எடு," என்றார்.

"எடுத்துர்றேன் மாமா. இன்னும் அனுப்பல. உங்க பேச்சு, உங்க இஷ்டம்." அவள் விரல் அழிக்கும் பொத்தான் மேல் போனது. "உங்காத்தா அதைச் சொல்லலைன்னா எடுத்துறலாம்."

"சொல்லுச்சு."

விரல் அங்கேயே இருந்தது. அவள் அமுக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை.

கருத்தக்கண்ணன் திரையருகே குனிந்து அந்தப் பெயரை ஒரு தடவை எழுத்துக் கூட்டினார். அப்பன் முகத்தைத்தான் பார்த்ததில்லை. ஆத்தாவின் குரலைக் கேட்டிருக்கிறார். அடுப்புப் புகைக்குள் இருமிக்கொண்டே அது சொல்லும், "சோணை ரெண்டு வாட்டி முங்குச்சுடா" என்று. அந்த இருமல்கூட இப்போது கேட்டது.

"எங்காத்தா சொன்னதுல பாதியை வெட்டிட்டா, மிச்சப் பாதி எங்காத்தா சொன்னதாகாது," என்றார் கடைசியில். "கிடக்கட்டும். ரெண்டு வாட்டி முங்குனாருன்னு போடு. அனுப்பித் தொலை."

அவள் அனுப்பினாள்.

காபி வந்தது. அவர் அதைத் தொடவில்லை. அதில் ஆடை படிவதற்குள்ளேயே கணினி மெலிதாக ஒலித்தது.

"அதுக்குள்ளயா?" என்றார் அவர்.

"அவரு இருக்காரு போல," என்றாள் பாண்டீஸ்வரி. செல்வக்குமார் வாசித்தான்.

"'கருத்தக்கண்ணன் ஐயாவுக்கு வணக்கம். நீங்கள் சொன்னதை ஒரு சொல் விடாமல் படித்தேன். நேரில் பார்க்கவில்லை என்பதையும் சொன்னீர்கள். இன்னொருவர் தண்ணீரில் இறங்கியதையும் மறைக்கவில்லை. இப்படிப் பேசுபவர்களை நான் இங்கே அதிகம் கண்டதில்லை. ஆயினும் அச்சில் வந்த சான்று கிடைக்கும்வரை இதைக் கட்டுரையில் சேர்க்க முடியாது. மன்னிக்க வேண்டும். உங்கள் வாக்கு இந்தப் பேச்சுப் பக்கத்தில் உங்கள் பெயரோடு இருக்கும்.'"

"இருக்கும்னா எம்புட்டு நாளைக்கு?"

"எடுக்க மாட்டாங்க மாமா. நமக்கப்புறமும் இருக்கும்."

கருத்தக்கண்ணன் அந்த வெளிச்சத்தையே பார்த்தார். கடல் கடந்து ஒருவன். அவனுக்கு இவர் ஒரு வெற்றிலை வாங்கிக் கொடுத்ததில்லை. இவர் என்ன சாதி, எந்தக் கட்சி என்று அவன் கேட்கவில்லை. ஐயா என்றான். ஒரு சொல் விடாமல் படித்தேன் என்றான். இத்தனை மரியாதையாக அவரிடம் இல்லை என்று சொன்னவன் இதுவரை ஒருவனும் இல்லை. கும்பிடத் தோன்றியது. அடுத்த நிமிஷமே அடிக்கவும் தோன்றியது.

"அப்ப வரி வராது."

"வராது மாமா."

"கல்லுலயும் வராது."

கணினி இன்னொரு தடவை ஒலித்தது. பாண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"இது அவரு இல்ல," என்றாள். "வேற ஆளு."

"யாரு?"

அவளே வாசித்தாள். "'நான் தமிழ்வாணி. சோணையின் பேத்தி. கோயம்புத்தூரில் வேலை செய்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் யார் என்ன எழுதினாலும் எனக்குத் தகவல் வரும். பெரியவர் எழுதியதை இப்போதுதான் படித்தேன். மேற்குத் தெருவிலிருந்து ஒருவர் எங்கள் தாத்தா பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆனால் அன்றைக்கு நடந்ததாக எங்கள் தாத்தா சொன்னது கொஞ்சம் வேறு. அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. செவ்வாய்க்கிழமை ஊருக்கு வருகிறேன். பெரியவரை நேரில் பார்க்கலாமா?'"

செவ்வாய்க்கு மறுநாள்தான் புதன். கல் கொத்தும் நாள்.

கருத்தக்கண்ணன் எழுந்தார். செருப்பை மாட்டினார். மகன் "அப்பா, சாப்பிட்டுட்டுப் போங்க" என்றதைக் காதில் வாங்கவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். பாதிப் படியில் நின்று திரும்பிப் பார்ப்பார் என்று செல்வக்குமார் நினைத்தான். அவர் நிற்கவில்லை.

பாண்டீஸ்வரி மாடிச் சுவரில் சாய்ந்து தெருவை எட்டிப் பார்த்தாள்.

"மாமா! அந்தப் பிள்ளைக்கு என்ன பதில் போட? வரச் சொல்லவா, வேணாம்னு சொல்லவா?"

அவர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நீதான் எந்தப் பக்கமும் சாயாதவளாச்சே. ரெண்டையும் சொல்லாத."

"நான் கல்லு நடுற அன்னைக்கு வரலாமா மாமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பார்க்காத அப்பனைப் பற்றிப் பார்க்காத ஆட்கள் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார்கள், அதற்கு மரியாதை வேறு, இதெல்லாம் ஒரு நியாயமா என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார்.